சீட்டும் சரக்கும்

மூட்டையின்மேல் ஒட்டிய சீட்டை நம்பி அரிசி வாங்குவோர் உளர். குத்தூசியாற் குத்திப் பார்த்தே வாங்குவோரும் உளர். இணைய உலாவியின் முன்னும் இவ்விரு வழிகளே உள்ளன.

வழங்கியிலிருந்து உலாவிக்கு வருவன யாவும் எண்களின் நிரைகளே. அவற்றுள் எது படம், எது எழுத்து, எது நிரல் என்பதைக் கோப்புப் பெயரின் ஈறே காட்டுவதாகப் பலர் கருதுவர். உண்மை அதுவன்று. 1992ஆம் ஆண்டில் மின்னஞ்சலுக்கென வகுக்கப்பட்ட 'மைம்' முறையைத் தழுவி, 'இது இன்ன வகை' என்னும் குறிப்பை வழங்கி முன்னதாக அனுப்புகிறது. அதுவே சீட்டு.

சீட்டுகள் பல பிழையாய் வந்தமையால், உலாவிகள் சரக்கையும் சோதிக்கத் தலைப்பட்டன. பி.என்.ஜி. படத்தின் முதல் எண் 137. அதனையடுத்து அப்பெயரின் மூன்று எழுத்துகளும் நிற்கும். பி.டி.எவ். ஆவணம் சதவீதக் குறியோடு தொடங்கும். இவ்வடையாளங்களே குத்தூசியில் வரும் மணிகள்.

உதவியாகத் தோன்றிய இவ்வழக்கம் கேடும் விளைத்தது. படமேற்ற இடந்தரும் தளமொன்றிற் கயவனொருவன் படமெனச் சீட்டிட்டு, உள்ளே நிரலைப் பொதிந்து வைப்பான். உலாவி அதனைப் பக்கமெனக் கொண்டால், அந்நிரல் அத்தளத்தின் பெயராலேயே இயங்கும். பார்வையாளரின் கணக்கும் அவன் கைப்படும். இதனைத் தடுக்க, 'சீட்டை மீறாதே' என்று வழங்கி கட்டளையிடும் முறையை 2009இல் வெளிவந்த இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 8 ஏற்றது. பின்னர் ஏனைய உலாவிகளும் ஏற்றன.

உலாவியைச் சோதிப்பது அரிதன்று. சிறு எச்.ரி.எம்.எல். பக்கமொன்றை வெறும் எழுத்தெனச் சீட்டிட்டு அனுப்புக. குறியீடுகள் எழுத்தாகவே தோன்றின் உலாவி சீட்டை மதித்தது. தலைப்பு அழகுற விரிந்தால் மீறியது. அடுத்து, பி.என்.ஜி. படத்தை வேறொரு பட வகையெனச் சீட்டிடுக. படம் பெரும்பாலும் தோன்றும். மூன்றாவதாக, நிரலொன்றை வெறும் எழுத்தெனச் சீட்டிட்டு, மேற்கூறிய கட்டளையையும் சேர்த்துப் பக்கமொன்றினுள் அழைத்திடுக. நல்ல உலாவி அதனை இயக்க மறுக்கும். பெயரின் ஈற்றை மாற்றினாற் சில வழங்கிகள் சீட்டையும் மாற்றிவிடும். ஆதலால், ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

படத்திற் பிழைபொறுத்தலும் நிரலிற் கண்டிப்பும் முரணல்ல. பிழையாய்த் தோன்றும் படத்தாற் கண்ணுக்கே குறை. பிழையாய் இயங்கும் நிரலாற் பொருளுக்கே இழப்பு. தீங்கின் அளவறிந்து நம்புவதே அறிவுடைமை.