முயல்முடியில் விளைந்த பனிப்படிகம்

மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் குளிர்நாட்டு வானிலிருந்து வெண்பஞ்சாய் இறங்குவதையும் தமிழ் 'பனி' என்ற ஒரே சொல்லால் வழங்குகிறது. அதனாலோ என்னவோ, பின்னதை உறைந்த மழைத்துளி என்று கருதிவிடுவது எளிதாகிறது. மழைத்துளி உறைந்தால் எஞ்சுவது வெறும் பனிக்கட்டி உருண்டையே. ஆறு கைகள் விரித்த படிகமோ, மேகத்திலுள்ள நீராவி இடையில் நீராகாமல் நேரே திண்மமாகப் படிந்து படிந்து வளர்வது.

குளிர்கால மேகத்தின் நுண்துளிகள் 0 பாகை செல்சியஸைக் கடந்தவுடன் உறைந்துவிடுவதில்லை. தூய நீரின் நுண்துளி ஏறத்தாழ −38 பாகை வரை நீராகவே நிற்கவல்லது. இந்நிலையிலுள்ள நீரை மீக்குளிர்நீர் என்பர். அதற்கு முன்பே அது உறைய வேண்டுமானால், காற்று அள்ளிச் சென்ற மண்துகளோ, இலைகளின்மேல் வாழும் சிலவகைப் பாக்டீரியாவோ பற்றுக்கோடாக அமைய வேண்டும். ஒரு துளி அவ்வாறு உறைந்ததும் அண்டைத் துளிகளுக்குத் தேய்பிறை தொடங்குகிறது. பனிக்கட்டியிலிருந்து மூலக்கூறுகள் நீரிலிருந்து போல எளிதில் பிரிவதில்லையாதலால், −10 பாகையில் நீருக்குச் சரியளவாக உள்ள நீராவி, பனிக்கட்டிக்குச் சுமார் 10 விழுக்காடு மிகை. அம்மிகை படிகத்தின்மேல் படியப் படிய, அதை ஈடுகட்டத் துளிகள் ஆவியாகிக் கரைகின்றன. 1911-இல் இதைச் சுட்டிய ஆல்ஃபிரட் வெகெனர், கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லி எள்ளலுக்கு ஆளான அதே அறிஞர்தாம்.

படிகம் ஏன் அறுகோணம் என்று 1611-இலேயே கெப்ளர் சிறுநூல் எழுதி வியந்தார். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோண அடுக்காகப் பிணைந்திருப்பதே அதன் விடை. ஆயினும் அந்த அறுகோணம் ஓரிடத்தில் தட்டாகவும் ஓரிடத்தில் ஊசியாகவும் வளர்வதேன் என்பதை அடுக்கமைப்பு மட்டும் சொல்லிவிடாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து உழவர் வில்சன் பென்ட்லி 1885 முதல் எடுத்த 5000-க்கும் மேற்பட்ட நுண்ணோக்கிப் படங்களும், எத்துணை அழகாயினும், இவ்வினாவுக்கு விடை தரவில்லை. படிகம் பிறந்த இடத்தின் குளிரை யார் அளந்தார்?

ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் உகிச்சிரோ நக்காயா மேகத்தையே அறைக்குள் கொண்டுவர முனைந்தார். குளிரூட்டிய அறையில் கண்ணாடிக் குழாயொன்றை நிறுத்தி, அடியில் வெதுவெதுப்பான நீரை வைத்து, எழும் ஆவி மேலே தொங்கும் இழையில் படியுமாறு அமைத்தார். பருத்தியிழை முதலானவற்றில் படிகங்கள் தனித்து நில்லாமல், கம்பளிப்பூச்சியின் மயிர்போல இழை நெடுக நெருங்கி முளைத்தன. முயல்முடியோ இயல்பிலேயே எண்ணெய்ப்பசையும் சிறுமுடிச்சுகளும் உடையது. முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் படிகம் கருக்கொண்டது. 1936 மார்ச்சில் மனிதன் செய்த முதல் பனிப்படிகம் அம்முடியில் விளைந்தது.

அதன்பின் வெப்பநிலையையும் ஆவியின் மிகையையும் மாற்றி மாற்றி அவர் வரைந்த வரைபடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 0 பாகையை ஒட்டி மெல்லிய தட்டுகள். −5 பாகையளவில் ஊசிகளும் தூண்களும். −15 பாகையளவில், ஆவி மிகுந்திருந்தால், கிளைவிட்ட விண்மீன்கள். −22 பாகைக்குக் கீழே மீண்டும் தூண்கள். ஆவி மிகும்போது மூலைகள் முகப்பைவிட வெளியே நீண்டிருப்பதால் முதலில் ஆவியைப் பெற்றுக் கைகளாகின்றன. ஆறு கைகளும் ஒத்திருப்பது அவற்றுக்குள் உடன்பாடு இருப்பதாலன்று. படிகம் மிகச் சிறிதாதலின், கடந்து செல்லும் குளிரும் ஈரமும் ஆறுக்கும் ஒன்றே. உண்மையில் சீர்குலைந்த படிகங்களே மிகுதி. நூல்களின் அட்டைகளுக்கு அவை வருவதில்லை.

இவ்வரைபடம் கையிலிருந்தால் படிகத்திலிருந்து மேகத்தை நோக்கிப் பின்னோக்கிச் செல்ல முடிகிறது. வண்டியச்சின் இருமுனையிலும் சக்கரம் பூட்டியதுபோல, தூணின் இருபுறமும் தட்டு ஒட்டிய படிகம் ஒன்றுண்டு. அது தூண்கள் வளரும் குளிரில் பிறந்து, தட்டுகள் வளரும் குளிருக்கு இடம்பெயர்ந்தது. அச்சின் நீளம் முதல் தங்கலின் அளவையும், சக்கரத்தின் அகலம் அடுத்த தங்கலின் அளவையும் காட்டுகின்றன.