புன்னகையே பெயரானவர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பார்சல் ஆபீசில் ரசீது எழுதும் குமாஸ்தா நான். பள்ளியிறுதி வகுப்பிற்கு மேல் படித்தவனல்லன். ஆயினும் இன்று ஒரு பெண்மணியைப் பற்றிப் பேச விழைகின்றேன். அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு விழாவில் என் மகள் இதே மேடையில் டிக்கெட் பரிசோதகராகவும், டிக்கெட் இல்லாத பயணியாகவும் மாறி மாறி நடித்தாள். நீங்களெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நானோ வீடு திரும்பியதும், "பெண்பிள்ளைக்கு விகடம் எதற்கு?" என்று கடிந்துகொண்டேன். இவ்வாண்டு நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் இல்லை. அது என் குற்றம். அதனை எனக்கு உணர்த்தியது தபஸ்ஸும் அம்மையாரின் வாழ்க்கை.

அம்மையார் 1944ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தையார் அயோத்யாநாத் சச்தேவ். தாயார் அஸ்கரி பேகம். இருவரும் விடுதலைப் போரில் ஈடுபட்டவர்கள். மனைவியின் சமய உணர்வை மதித்துத் தந்தையார் மகளுக்குத் ‘தபஸ்ஸும்’ என்று பெயரிட்டார். கணவரின் உணர்வை மதித்துத் தாயார் ‘கிரண் பாலா’ என்று பெயரிட்டார். தபஸ்ஸும் என்றால் புன்னகை என்பது பொருள். ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்ததில் மலர்ந்த புன்னகை அது!

1947இல், இன்னும் மழலை மாறாப் பருவத்திலேயே, ‘நர்கிஸ்’ என்னும் படத்தில் தோன்றினார். 1951இல் வெளிவந்த ‘தீதார்’ படத்தில் நடிகை நர்கிஸின் இளம் பருவ வேடம் ஏற்று, நாடறிந்த ‘பேபி தபஸ்ஸும்’ ஆனார். ஆனால், குழந்தை நடிகரின் புகழ் பால்பல்லைப் போன்றது; வளர்ந்ததும் விழுந்துவிடும். வளர்ந்தபின் அம்மையாருக்குக் கிடைத்தவை சிறு சிறு வேடங்களே. அவர் சோர்ந்தாரில்லை. நாவையும் நகைச்சுவையையும் முதலாகக் கொண்டு புதுவழி கண்டார்.

1972 அக்டோபர் 2ஆம் நாள் பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. அவ்வாண்டே ‘பூல் கிலே ஹைன் குல்ஷன் குல்ஷன்’ என்னும் நிகழ்ச்சியை ஏற்றார். சோலைதோறும் மலர்கள் மலர்ந்தன என்பது அதன் கருத்து. திரைக்கலைஞர்களை அழைத்து உரையாடும் அந்நிகழ்ச்சி 1993 வரை, இருபத்தொரு ஆண்டுகள் நடைபெற்றது. எண்பதுகளில் நான் சிறுவன். எங்கள் வரிசையில் ஒரே வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மராத்தியரும் தமிழரும் அங்கே ஒரே பாயில் அமர்ந்து பார்ப்போம். இந்தி சரிவரத் தெரியாத என் அன்னையாரும், அம்மையார் வாய்விட்டுச் சிரித்தால் தாமும் சிரிப்பார். விருந்தினரைப் புண்படுத்தாமலே பேசவைக்கும் திறம் அவருக்கு இருந்தது.

எழுத்திலும் அவர் பின்தங்கவில்லை. ‘கிருஹலக்ஷ்மி’ என்னும் இந்தி மகளிர் இதழுக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். நகைச்சுவைத் துணுக்கு நூல்கள் பல எழுதினார். 1985இல் ‘தும் பர் ஹம் குர்பான்’ என்னும் படத்தைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கினார். எழுபது வயதைக் கடந்தபின்னும் ‘தபஸ்ஸும் டாக்கீஸ்’ என்று யூடியூபில் பழைய திரையுலகக் கதைகளைச் சொல்லிவந்தார். 2022 நவம்பர் 18ஆம் நாள் மும்பையில் மறைந்தார்.

அன்பர்களே! நம் பெண்களைப் பாடச் சொல்கிறோம், ஆடச் சொல்கிறோம். சிரிக்கவைத்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம். பெண்ணின் நாவன்மை குடும்பத்திற்கு இழுக்கு என்று எண்ணுகிறோம். ஐந்து வயதிற்குள் தொடங்கி எழுபத்தெட்டு வயது வரை அந்நாவன்மையாலேயே ஒருவர் கண்ணியமாக வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டு விழாவில் நம் காலனிப் பெண்களின் விகடத்திற்குக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். முதற்பெயராக என் மகளின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவளோ இனி என்னைப் போலவே நடித்துக் காட்டப்போவதாகச் சொல்கிறாள். முன்வரிசையில் அமர்ந்து சிரிக்க நான் ஆயத்தமாக உள்ளேன்.