இரு ஞாயிறு எழும் வானம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

அழைப்பிதழில் இதனைச் சொற்பொழிவு என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையில் நான் இம்மேடைக்கு வந்திருப்பது ஒரு தவற்றை ஒப்புக்கொள்வதற்காகவே. சென்ற ஆண்டு நம் காலனிக் குழந்தைகளின் ஓவியப் போட்டிக்கு நான் நடுவராக இருந்தேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, வானத்தில் இரண்டு ஞாயிறுகளை வரைந்திருந்தாள். ஒன்று நீலம், மற்றொன்று சிவப்பு. கீழே நின்ற மரத்திற்கு இரண்டு நிழல்கள். நான் ஒரு நிழலைச் சிவப்பு மையால் சுழித்து, "இயற்கைக்கு மாறானது" என்று எழுதிவிட்டேன். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. விழா முடிந்தபின் அவள் என்னிடம் வந்து, "தாத்தா, எங்கே போனாலும் ஒரே சூரியன்தான் என்று யார் சொன்னது?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் ஆலையின் வரைபடப் பிரிவில் பணிசெய்த எனக்கு விடை தெரியவில்லை. ஓராண்டாகத் தேடிக் கண்டதை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நமக்குப் பழக்கமான விண்மீனிலிருந்தே தொடங்குவோம். திருமணத்தில் மணமக்களுக்கு அருந்ததி காட்டுகிறோம். அருந்ததியின் அருகே ஒளிரும் வசிட்டனை மேலைநாட்டார் மைசார் என்பர். தொலைநோக்கியில் அது இரண்டாகத் தெரியும். அவ்விரண்டில் ஒளி மிக்கது தானும் ஓர் இரட்டையே என்று 1889-இல் ஆர்வர்டு வானாய்வகத்தின் பிக்கரிங் அறிவித்தார். அதை அவர் கண்ணால் பிரித்துக் கண்டாரல்லர். அதன் நிறமாலையில் உள்ள கருங்கோடுகள் ஒருகால் இரண்டாகப் பிரிந்தும், ஒருகால் ஒன்றாகக் கூடியும் தோன்றின. ஒரு மீன் நம்மை நோக்கி வருகையில் அதன் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகிச் செல்லும் மீனின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். இருபதரை நாளுக்கு ஒருமுறை அவை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. நாம் மணமக்களுக்குச் சுட்டிக்காட்டும் வசிட்டரே ஒருவர் அல்லர்!

இதனினும் நெருங்கிய இரட்டை ஒன்று யாழ் மண்டலத்தில் உண்டு. அதன் பெயர் பீட்டா லைரே. 1784-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்னும் இளைஞர் அதன் ஒளி முறையாகக் குறைந்து கூடுவதைக் கண்டறிந்தார். அவர் காது கேளாதவர். இருபத்தொரு வயதிலேயே மறைந்தவர். அவ்விரு மீன்களும் ஏறக்குறைய பதின்மூன்று நாளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. சுற்றும்போது ஒன்றையொன்று மறைக்கின்றன. ஈர்ப்பின் மிகுதியால் ஒரு மீன் முட்டைபோல் நீண்டு, தன் வாயுவை மற்றதன்மேல் பொழிகிறது. அதனால் சுற்றும் காலம் ஆண்டுக்குச் சுமார் 19 விநாடி நீண்டுகொண்டே வருகிறது. இத்தனையும் ஒளியளவாலும் நிறமாலையாலும் அறிந்தவை. சாதாரணத் தொலைநோக்கியில் பார்த்தால் தெரிவது ஒரே ஒரு புள்ளிதான்!

அந்தப் புள்ளியை ஓவியமாக்கியவர்களுள் ஒருவர் செஸ்லி போன்ஸ்டெல். 1888-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த அமெரிக்கர். கட்டடக் கலை பயின்று, கோல்டன் கேட் பாலம் எழுமுன்னரே அது எவ்வாறு தோன்றும் என்று வரைந்து காட்டியவர். இதைப் படித்தபோது, நம் தொழிலைச் சேர்ந்தவர் என்று மனம் மகிழ்ந்தேன். டைட்டன் என்னும் துணைக்கோளிலிருந்து சனிக்கோள் எவ்வாறு தோன்றும் என்று அவர் தீட்டிய படம், 1944-இல் 'லைஃப்' இதழில் வெளிவந்து புகழ்பெற்றது. பீட்டா லைரேயை அவர் வரைந்தபோது, இரு மீன்களும் ஈர்ப்பால் உருத்திரிந்திருக்க, செந்நிற வாயு சுருளாக வெளியே விரிவதாகத் தீட்டினார். அது வெறும் கனவன்று; அக்காலத்து வானியலார் கணக்கிட்டுச் சொன்னதன் வடிவம்.

அவர் எங்கும் பிழைபடவில்லை என்று நான் கூறமாட்டேன். நிலவின் மலைகளைக் கூரிய ஊசிமுனைகளாகத் தீட்டினார். 1969 முதல் மனிதர் அங்கு இறங்கியபோது கண்டவையோ மழுங்கிய குன்றுகள். அவருக்கு முன்னரே லூசியன் ருதோ என்னும் பிரெஞ்சு ஓவியர், நிலவின் விளிம்பைத் தொலைநோக்கியால் உற்றுநோக்கி, உருண்ட குன்றுகளையே வரைந்திருந்தார். இருவரும் காணாத இடத்தைத்தான் வரைந்தனர். ஆயினும் ஒருவர் கண்ணுக்கு எட்டிய சான்றை விடாது பற்றிக்கொண்டார்.

பீட்டா லைரே என்னாயிற்று என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில், தனித்தனியே நிற்கும் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து எடுத்த படம் 2008-இல் வெளிவந்தது. புள்ளி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நீண்டிருந்தது; மற்றொன்று, வாயுத்தட்டு ஒன்றினுள் மறைந்திருக்கும் கனத்த மீன். இன்று வரைபவர் அந்த மீனைத் தட்டினால் மூடியே வரைதல் வேண்டும்.

சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். இரு ஞாயிறுகளைச் சுற்றிவரும் கோள் உண்டா? உண்டு. கெப்ளர் விண்கலம் கண்ட கெப்ளர்-16 என்னும் இரட்டையை, சனியை ஒத்த கோளொன்று 229 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 2011-இல் அது அறிவிக்கப்பட்டது. அங்கு மரம் இராது; ஆனால் இரு ஞாயிறுகள் எழுவது உறுதி.

எனவே அம்மா, உன் இரண்டு நிழல்களும் சரியே. திருத்தம் ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ அவற்றைக் கறுப்பாகத் தீட்டியிருந்தாய். சிவந்த ஞாயிற்றின் நிழலில் நீல ஒளி விழும். ஆகையால் அந்நிழல் நீலம் படர்ந்திருக்கும். மற்றதன் நிழல் சிவந்திருக்கும். ஞாயிறுகள் மிக நெருங்கியிருந்தால் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நடுவில் இருளும். ஓரங்களில் மட்டுமே நிறம் பிரியும்.

பெரியோர்களே, நான் கண்ட வானத்தை அளவுகோலாகக் கொண்டு, ஒரு குழந்தை எண்ணிய வானத்தை அளந்துவிட்டேன். என் பிழையை இச்சபையில் ஒப்புக்கொள்கிறேன். செயலாளரிடம் கேட்டு, அந்த ஓவியத்தை இன்று மண்டபத்தின் வாயிலில் மாட்டச் செய்திருக்கிறேன். சிவப்பு மைச் சுழிப்பு அதில் அப்படியே இருக்கிறது. அழிக்க வேண்டா என்று நானே கேட்டுக்கொண்டேன். போகும்போது அனைவரும் பார்த்துச் செல்லுங்கள்.