போரும் வீடும்: பிள்ளைகளின் மனவடு பற்றிச் சில ஆய்வுகள்

இந்த உரையை ஏற்பாடு செய்திருக்கும் அறக்கட்டளை, தங்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் நினைவாக மாணவர்கள் நிறுவியது. போரில் அகப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளை இங்கே பேசத் தேர்ந்துகொண்டதற்கு அதுவே காரணம். அந்த ஆய்வுகளில் பள்ளி ஆசிரியர்கள் செய்த வேலை பெரிது.

ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவ உளவியலாளர் ஃபிராங்க் நொய்னர், உகாண்டாவின் மேற்கு நைல் பகுதியில் சூடான் அகதிகளையும் அங்கேயே வாழ்ந்த மக்களையும் தம் குழுவினருடன் ஆராய்ந்தார். 3,000க்கும் மேற்பட்டோரை விசாரித்த அந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஒவ்வொருவரும் எத்தனை கொடிய நிகழ்வுகளுக்கு ஆளானார் என்று எண்ணிப் பார்த்தார்கள். மூன்றோ அதற்குக் குறைவோ சொன்னவர்களில் 23 விழுக்காட்டினருக்கு மனவடு நோய் இருந்தது. இருபத்தெட்டோ அதற்கு மேலோ சொன்னவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. மனத்திடம் இருந்தால் எதையும் தாங்கலாம் என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஓர் அகதியிடம் சொல்லவே கூடாத சொல் அது. துன்பம் கல்லின்மேல் கல்லாக ஏறிக்கொண்டே போனால் யாரும் ஒரு கட்டத்தில் ஒடிந்துபோவார்கள்.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை எடுக்கும்போது எதையெல்லாம் சேர்க்க வேண்டும்? குண்டுவீச்சு, இடப்பெயர்வு, உறவினர் சாவு என்றுதான் முதலில் எண்ணத் தோன்றும். நொய்னரோடு பணியாற்றிய கிளாடியா கட்டானி அதோடு நிற்கவில்லை. இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் போரைப் பற்றியும் ஆழிப்பேரலையைப் பற்றியும் கேட்டதோடு, வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் கேட்டார். அடி உண்டா, எதனால் அடிக்கிறார்கள், அப்பா குடிக்கிறாரா? 2008இல் வெளியான முடிவுகளின்படி 30.4 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு மனவடு நோய் இருந்தது, 19.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய். வீட்டு வன்முறையை ஒருமுறையாவது அனுபவிக்காத பிள்ளை அரிதாகவே இருந்தது. தகப்பன் குடிப்பதும், பிள்ளை முன்பே போரைக் கண்டிருப்பதும் கூடக்கூட, வீட்டில் அது படும் துன்பமும் கூடியது.

நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகும் முடிவு இதுதான். ஷெல்லடி ஓய்ந்துவிட்டது, இனிப் பிள்ளைக்குப் பயமில்லை என்று ஊர் நினைக்கிறது. ஆனால் தொழிலை இழந்து, நிலத்தை இழந்து, தானும் காயப்பட்ட ஒரு தகப்பன் மாலையில் வீட்டுக்கு வருகிறான். அவன் காலடி கேட்டதும் பிள்ளை மூலையில் ஒடுங்குகிறது. வெளியே பட்ட பயமும் உள்ளே படும் பயமும் அந்த உடம்பில் ஒன்றாகவே சேர்கின்றன. அந்தத் தகப்பனை வில்லனாக்கி ஒதுக்கிவிட்டால் பிள்ளைக்கு எந்த நன்மையும் விளையப் போவதில்லை.

இனி சிகிச்சை. நொய்னர், மாகி ஷவுவர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய முறை கதைசொல்லலை அடிப்படையாகக் கொண்டது. தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். பிறந்த நாளிலிருந்து நல்லது நடந்த இடங்களில் பூவும் கெட்டது நடந்த இடங்களில் கல்லும் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு கல்லின் அருகிலும் நின்று, அன்று என்ன நடந்தது, எங்கே, எப்போது, உடம்பில் என்ன தோன்றியது என்று சொல்லச் சொல்ல, கேட்பவர் எழுதிக்கொள்வார். பயத்தின் நினைவுக்கு நாளும் இடமும் இல்லாததால்தான் ஒரு வெடிச்சத்தம் கேட்டதும் எல்லாம் இப்போதே நடப்பதுபோல் இருக்கிறது. அது அன்று நடந்தது, முடிந்துவிட்டது என்று நினைவுக்குள் அதற்கு ஓர் இடம் கொடுப்பதே இந்த வேலை. எழுதிய கதை கடைசியில் சொன்னவர் கையில் கொடுக்கப்படும்.

ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூரில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களே சிகிச்சை அளித்தார்கள். ஆசிரியர்களாகவும் இருந்தவர்கள் அவர்கள். பாதிப் பேருக்கு இந்த முறை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். சிகிச்சையே பெறாத குழு ஒன்று அதில் இல்லை, எண்ணிக்கையும் சிறியது. எனவே ஒரு முறை மற்றதைவிட மேல் என்று இதை வைத்து வாதாட மாட்டேன். பிள்ளையின் மொழி பேசும் ஓர் ஆசிரியர், முறையாகப் பயிற்சி பெற்றால், முகாமிலேயே இதைச் செய்ய முடியும் என்பது எனக்குப் போதும்.

போருக்குப் பிந்தைய வட இலங்கையில் நடந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெற்றோரின் பரிவை உணரும் பிள்ளைகளிடம் போரின் பாதிப்பு அச்சமாகவும் மனச்சோர்வாகவும் மாறுவது குறைவு என்று காட்டியது. ஆசிரியராலும் சிகிச்சை அளிக்க முடியும், பெற்றோரின் பரிவும் காக்கும் என்ற இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து, தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் வாழும் மறுவாழ்வு முகாம்களுக்கு அருகிலுள்ள பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு இந்தக் கதைசொல்லல் முறையில் பயிற்சி அளிக்க வேண்டும் என்று கேட்கிறேன். பிள்ளைக்கு அமர்வு நடக்கும் அதே வாரத்தில் அதன் தகப்பனுக்குக் குடிநோய்ச் சிகிச்சையும், தாய்க்கு மனம்விட்டுப் பேச ஒரு துணையும் கிடைக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு திட்டம், குடிக்கு வேறொரு திட்டம் என்று இரண்டு துறைகளில் பிரித்து வைத்திருப்பதை முதலில் சேர்க்க வேண்டும்.