எல்லோர்க்கும் பொதுவான அலை

ஒரு நிலையத்துக்கு ஓர் அதிர்வெண் என்று வேலி கட்டிப் பங்கிடுவதே வானொலி உலகின் பழைய நீதி. அந்த வேலியைத் தாண்டிய ஒரு முறையைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

செய்தியை ஓர் அதிர்வெண்ணில் குவிக்காமல், அகன்ற பரப்பில் சிதறவிட்டு அனுப்புவதே அம்முறை. இதில் இரு வகை உண்டு. ஒன்றில், அனுப்பும் கருவியும் ஏற்கும் கருவியும் முன்பே வகுத்த வரிசைப்படி அதிர்வெண்விட்டு அதிர்வெண் தாவுகின்றன. மற்றொன்றில், செய்தி ஒரு சங்கேதக் கோவையோடு கலந்து மெல்லியதாய்ப் படர்கிறது. கோவையை அறிந்த கருவிக்கு அது செய்தி. அறியாததற்கோ வெறும் இரைச்சல்.

1942இல் ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரும் அமெரிக்காவில் இதற்கொரு காப்புரிமை பெற்றனர். டார்ப்பீடோவைச் செலுத்தும் சைகையைப் பகைவர் குலைக்காதிருக்க, துளையிட்ட தாள்சுருளின் துணையால் 88 அதிர்வெண்களிடையே தாவ வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அப்போரில் அது பயன்படவில்லை. பின்னரும் நெடுங்காலம் இம்முறை பெரும்பாலும் படைத்துறைக்கே உரியதாயிருந்தது.

1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் மூன்று அலைப்பட்டைகளில், ஒரு வாட்டுக்கு மிகாத ஆற்றலுடன், உரிமம் இன்றியே இதைக் கையாள இசைந்தது. அவற்றுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை, நுண்ணலை அடுப்புகளின் இரைச்சல் மிகுந்த தரிசு நிலம். அத்தரிசில் விளைந்ததைப் பாருங்கள்! 1997இல் வைஃபையின் முதல் தரம் அங்கே பிறந்தது. நொடிக்கு 1,600 முறை தாவும் புளூடூத்தும் அங்கேயே வளர்ந்தது. சங்கேதக் கோவையால் பலர் ஒரே அலையில் பேசும் கைப்பேசிச் சேவை 1995இல் ஹாங்காங்கில் வணிகத்துக்கு வந்தது. ஆயினும் அது உரிமம் பெற்ற அலையில் நடந்தது. வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் ஒரே அதிர்வெண்ணில், தத்தமக்குரிய 1,023 இலக்கக் கோவையால் தம்மை அடையாளம் காட்டுகின்றன.

அலை யாருக்குச் சொந்தம்? விலை கொடுத்தவருக்கா, எல்லோருக்குமா? நீண்ட தூரச் சேவைக்கு வேலி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெல்லப் பேசவும், பிறர் பேச்சைப் பொறுக்கவும் கற்ற கருவிகளுக்குப் பொது நிலமே போதும் என்பதை இவ்வரலாறு மெய்ப்பித்துவிட்டது. நாளை அலைகளைப் பங்கிடும் பொறுப்பு உங்களுள் சிலர் கைக்கு வரலாம். அன்று முழுவதையும் ஏலத்தில் விட்டுவிடாமல், ஒரு துண்டையேனும் பொதுவில் வையுங்கள்.