துரையின் கடனும் கூலியின் கடனும்

(ஆரல்வாய்மொழியில் ஆலைத் தொழிலாளரும் வயல் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கடனைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கன்னிப்பூ சாவியாகிப் போனால் கும்பப்பூவுக்கு விதை வாங்க யார் வாசலில் போய் நிற்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். இன்று வெள்ளைக்காரத் துரை கடன் கேட்டு நின்ற கதையைச் சொல்கிறேன்.

நமது அசம்பு மலையிலேயே 1860-களில் துரைமார் காட்டை அழித்துக் காப்பி போட்டார்கள். இலைநோய் வந்து அதைத் தின்றது. ஆனால் இந்தக் கடன் கணக்கு நன்றாகத் தெரிவது இலங்கையில்தான்.

1869-ல் அங்கே மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையின் அடியில் துருப் போல ஒரு தூள் படிந்தது. இலை உதிர்ந்தது, காய் குறைந்தது. துரை என்ன செய்தார்? கொழும்புக்குப் போய்த் தோட்டத்தை ஈடு காட்டி, அடுத்த மகசூலின் பேரில் முன்பணம் கேட்டார். கிடைத்தது! உலகச் சந்தையில் அப்போது காப்பிக்கு நல்ல விலை. விளைச்சல் விழுந்ததை விலை மறைத்துவிட்டது. பலர் அந்தக் கடனில் இன்னும் காட்டை வெட்டி, மறுபடியும் காப்பியே நட்டார்கள். துரைசாணிக்குப் பியானோவும் வந்திருக்கலாம். அதை நான் பார்க்கவில்லை.

1880-ல் மார்ஷல் வார்டு என்ற விஞ்ஞானி வந்து ஆராய்ந்தார். இது காளான் இனத்து நோய், காற்றில் பரவுகிறது, மலை முழுவதும் ஒரே பயிராக இருப்பதால் நிற்காது என்று கண்டார். காப்பி விலையும் விழுந்தது. கடன் கேட்டுப் போன துரை குடும்பங்களுக்குக் கதவு அடைபட்டது. 1884 மே மாதம் ஓரியண்டல் பாங்கியே பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. கவர்னர் கார்டன் உடனே அதன் நோட்டுகளுக்குச் சர்க்கார் ஜாமீன் என்று அறிவித்தார்.

பல துரைமார் கப்பலேறினார்கள். சிலர் தேயிலைக்கு மாறினார்கள். அவர்களை நான் ஏசவில்லை. பயிர் பட்டுப்போன வீட்டின் வேதனை எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் கூலி மக்கள் கதி என்ன?

1876 முதல் 1878 வரை நடந்த பஞ்சத்தில் மதுரை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கடல் தாண்டிக் காட்டு வழி நடந்து போனவர்கள் அவர்கள். கங்காணி கொடுத்த வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் மலையேறும் முன்பே கடன். சம்பளமோ மாதக்கணக்கில் பாக்கி. தோட்டம் மாறவேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகை கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று பழைய துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய துரை கட்டுவார்; கடன் கூலியின் தலையிலேயே நிற்கும். 1921-ல்தான் இந்தத் துண்டை ஒழித்தார்கள்.

பாங்கி விழுந்த அதே 1884-ல் இன்னொன்றும் நடந்தது. கூலிப் பாக்கி தோட்டத்தின் மேல் முதல் பாத்தியம் என்று சட்டம் செய்தார்கள். கருணையால் அல்ல, கூலி கிடைக்காது என்ற சேதி ஊருக்கு எட்டினால் ஆள் வராது என்ற பயம்தான் என்பது என் எண்ணம்.

ஆலைத் தோழர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆலை நொடித்துக் கலைக்கப்பட்டால், 2016-ம் ஆண்டின் நொடிப்புச் சட்டப்படி, முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி, கலைப்புச் செலவுக்கு அடுத்தபடியாக, ஈட்டை விட்டுக்கொடுத்த பாங்கிக்குச் சமமான வரிசையில் வருகிறது. ஆனால் கெடுவுக்குள் மனுப் போட வேண்டும். எல்லாருக்குமாக ஒரு பிரதிநிதியே போடலாம். சம்பளச் சீட்டு, ஹாஜர் அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள்.