புதிய விளையாட்டுப் பெட்டி வாங்கத் தகுமா?

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு

 

2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டது. அரசு நம்மை இரண்டாகப் பிரித்தாலும் சங்கம் நம்மை ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறது. அதற்கு முதற்கண் நன்றி சொல்லிக் கொள்கிறேன்.

ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவதே மரபு. செயலாளர் அவர்கள் இவ்வாண்டு என்னிடம் தந்த பொருளோ வேறு. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் புதிய விளையாட்டுப் பெட்டியை, பிள்ளைகள் கன்சோல் என்று சொல்லும் அப்பொருளை, ஒரு நடுத்தரக் குடும்பம் விலை கொடுத்து வாங்கத் தகுமா என்று பேசும்படி பணித்தார்கள். சென்ற தீபாவளி முதல் நம் காலனியில் வீட்டுக்கு வீடு இதே வழக்கு நடப்பதை அவர்கள் அறிவார்கள். என் வீட்டிலும் அது நடந்தது. ஆகவே நான் இங்கே அறிஞனாக நிற்கவில்லை. அவ்வழக்கில் சிக்கிய கட்சிக்காரனாக நிற்கிறேன்.

வழக்கு இதுதான். திருப்பதியில் என் மகன் வீட்டுப் பேரன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். அவனுக்குப் பிளேஸ்டேஷன் 5 வேண்டும். சித்தூரில் மகள் வீட்டுப் பேத்திக்கு எட்டு வயது. அவளுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வேண்டும். அமெரிக்காவிலுள்ள அவள் சித்தப்பா வாங்கி வருவார் என்று நம்பியிருக்கிறாள். மகனுக்கு அவ்வாண்டு அலுவலகத்திலிருந்து நிலுவைத் தொகை வந்திருந்தது. மருமகளோ, "மாமா, மாடி கசிகிறது, முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள்" என்றாள். 2021 நவம்பர் வெள்ளத்தைத் திருப்பதியில் இருந்து கண்டவர்கள் அவள் சொன்னதில் குற்றம் காண மாட்டார்கள். மகன் மகனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிறகு இருவரையும் என்னிடம் அனுப்பிவிட்டான்.

எனக்கு இத்துறையில் பழைய காயம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் இதே மகனுக்காகச் சென்னையில் ஒரு கடையில் விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட பேமிகாம் என்னும் கருவியின் நகல் அது என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. உடன் வந்த கேசட்டின் மேல் 999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளே பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் மீண்டும் வந்தன. ஒரு கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அதன் மின்மாற்றி புகைந்து போயிற்று. ஆயினும் அது உயிரோடிருந்த ஒன்றரை ஆண்டில் அண்டை வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகள் உட்பட எண்மர் எங்கள் கூடத்தில் கிடந்தார்கள். "தாத்தய்யா" என்று அன்று என் தந்தையை அழைத்த அப்பிள்ளைகளுள் இருவர் இன்றும் பண்டிகைக்கு வீடு தேடி வருகிறார்கள். ஏமாந்தேன் என்றும் சொல்ல இயலவில்லை. ஏமாறவில்லை என்றும் சொல்ல இயலவில்லை.

இனி விலைக்கு வருவோம். பெட்டியின் விலை வேறு, அதனை வீட்டில் வைத்து ஆளும் விலை வேறு. பிளேஸ்டேஷன் 5 வெளிநாடுகளில் 2020 நவம்பரில் வந்தது. இந்தியாவிற்கு 2021 பிப்ரவரி 2இல் வந்தது. அன்று தட்டுப் போடும் வகையின் விலை ரூ.49,990. மறு ஆண்டே ரூ.54,990 ஆக ஏறியது. 2024 ஏப்ரலில் உடல் மெலிந்த புதிய உருவம் வந்தபோதும் அதே ரூ.54,990தான். அப்போது தட்டுப் போட இடமில்லாத வகை ரூ.44,990. பெரிய விளையாட்டு ஒன்று புதிதாக வரும்போது ரூ.4,999 அளவில் கேட்டார்கள். அவ்விலைகளில் பெட்டியோடு மூன்று விளையாட்டுகள் வாங்கினால் ரூ.69,987 ஆயிற்று. பெட்டிக்குள் ஒரு கைக்கருவிதான் இருக்கும். தம்பி தங்கையும் ஆட வேண்டுமானால் இரண்டாவதற்கு ஐயாயிரத்துக்கு மேல் தனியே எடுத்து வைக்க வேண்டும். முன்பின் அறியாதவரோடு இணையத்தில் ஆட, பெரும்பாலான விளையாட்டுகளுக்குச் சந்தாவும் உண்டு.

"கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்குமே" என்பார்கள் பெரியவர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பேரன் கணக்கெடுத்து வந்து என் வாயை அடைத்தான். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலருக்கு வந்து 2009இல் 99 டாலருக்கு இறங்கியது உண்மை. ஆனால் பிளேஸ்டேஷன் 5 அங்கே 2020இல் 499 டாலர். 2025 ஆகஸ்டில் 549 டாலருக்கு மேல். ஐந்தாண்டுப் பழைய பொருள் விலை ஏறி நிற்பதை நம் தலைமுறை தங்கத்திலும் மனையிலும் மட்டுமே கண்டிருக்கிறது. ஆகவே காத்திருந்தால் காசு மிஞ்சும் என்ற அறிவுரையை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அப்படியானால் காத்திருப்பதில் பயனே இல்லையா? உண்டு. புதிய பெட்டி வெளிவரும் நாளில் அதற்கென்று எழுதிய விளையாட்டுகள் மிகச் சிலவே இருக்கும். அப்பெட்டி நிலைக்குமா என்பதும் அன்று தெரியாது. சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் 1998இல் ஜப்பானில் பிறந்து 2001இல் கைவிடப்பட்டது. நிண்டெண்டோவின் வீ யூ 2012இல் வந்து, உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.35 கோடி மட்டுமே விற்று, 2017இல் நின்றது. 2023 மார்ச் 27இல் அதன் இணையக் கடையில் விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். இவற்றை முதல் நாளில் வரிசையில் நின்று வாங்கியவர்களும் நம்மைப் போன்ற பெற்றோர்தாம். வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பெட்டியை வாங்குகிறவன், அதன் ஆயுளைப் பற்றி ஓரளவு தெரிந்து வாங்குகிறான்.

பேத்தி கேட்ட ஸ்விட்ச் 2 வெளியானது 2025 ஜூன் 5இல். அமெரிக்காவில் அன்று விலை 449.99 டாலர். நல்ல கருவி, தொலைக்காட்சியிலும் ஆடலாம், கையில் எடுத்துக்கொண்டும் ஆடலாம். பழைய ஸ்விட்சின் விளையாட்டுகளுள் பெரும்பாலானவை அதிலும் ஓடும். ஆயினும் அந்நிறுவனம் அதை இந்தியாவில் முறையாக விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. உறவினர் பெட்டியிலோ இறக்குமதிக் கடையிலோதான் வர வேண்டும். பழுதுபட்டால் அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? சித்தப்பா ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர். திருப்பதியிலேயே ஆலை வைத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்கிறார்கள். அதனோடு இணைக்கும் இக்கருவிக்கு மட்டும் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. மேலும் ஸ்விட்ச் 2க்கான அட்டைகளுள் சிலவற்றில் விளையாட்டே இருப்பதில்லை. திறவுகோல் மட்டும் இருக்கும், விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். வாங்குமுன் உறையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். பேத்தியிடம் இதை எடுத்துச் சொன்னபோது அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

படத்தின் துல்லியம், நொடிக்கு எத்தனை காட்சி என்பனவற்றில் நான் நேரம் போக்கப் போவதில்லை. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பழையதாயின் அந்நயங்களுள் பாதி கண்ணுக்கே தெரியா. அதைவிட முக்கியமானது வெயில். இப்பெட்டி 5 முதல் 35 பாகை வெப்பம் வரையுள்ள இடத்தில் இயங்க வேண்டும் என்று அதன் கையேடு சொல்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் திருப்பதி 40 பாகையைத் தாண்டும் என்பதைப் பெட்டி செய்தவன் அறிவானோ என்னவோ! கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி அழகு பார்க்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மின்சாரம் திடீரென்று அறுபடாதபடி யூ.பி.எஸ். ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். பழைய மின்விசிறி மூன்று சுற்றுவதற்கு ஈடு.

இப்போது நான் மிகுதியாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். தட்டுப் போடும் வகையா, போடாத வகையா? பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று மகன் தட்டில்லாத வகையைத் தேர்ந்து வைத்திருந்தான். தட்டில்லாத பெட்டியில் ஒவ்வொரு விளையாட்டையும் நிறுவனத்தின் இணையக் கடையில்தான் வாங்க வேண்டும். வாங்கியதை இன்னொருவர்க்கு இரவல் தர இயலாது, ஆடி முடித்தபின் விற்கவும் இயலாது. தட்டு அப்படியன்று, புத்தகத்தைப் போலக் கைமாறும். ஒரு விளையாட்டு ரூ.4,999 என்றால், இரண்டே இரண்டு தட்டுகளை விலைக்கு வாங்காமல் இரவல் பெற்றால் ரூ.9,998 மிச்சம். மகன் கண்ட பத்தாயிரத்துக்கு இரண்டு ரூபாய் குறைவு, அவ்வளவே! முந்திய பிளேஸ்டேஷன் 4இன் தட்டுகளும் பெரும்பாலும் இதில் ஓடுகின்றன; அவை பழைய விலைக்குக் குறைந்த பணத்தில் கிடைக்கும். தட்டிருந்தாலும் திருத்தங்களை இணையத்திலிருந்து இறக்க நேரும் என்பதையும், சில விளையாட்டுகள் நூறு ஜி.பி.யைத் தாண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு இவ்வளவுதான். இரவல் தருவதற்கும் பெறுவதற்கும் மனிதர் வேண்டுமே! ஆகவே பேரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "யாரோடு ஆடப் போகிறாய், கண்ணா?" அவன் சொன்னான்: "ஆன்லைனில், தாத்தா." அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத நால்வரோடு ஆங்கிலத்தில் பேசி ஆடுவதாக அவன் எண்ணம். வெளியே தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். நம் பிள்ளைகள் காதில் தமிழ் விழும் இடம் வீட்டுக் கூடம் ஒன்றுதான். அந்த மணி நேரத்தையும் எழுபதாயிரம் ரூபாய் கொடுத்து நாமே விற்றுவிடுவதா என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்பொழுதுதான் ஒன்று நடந்தது. மாப்பிள்ளை தம் கணினியில் வெண்பா என்றொரு விளையாட்டை இறக்கித் தந்தார். கனடாவின் டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023 ஜூலை 31இல் வெளியிட்டது. தமிழகத்திலிருந்து எண்பதுகளின் இறுதியில் கனடாவில் குடியேறிய ஒரு தாய், தன் அன்னையின் சிதைந்த சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உணவுகளை மீண்டும் செய்து பார்க்கிறாள். அவள் மகன் வளர வளரத் தாய்மொழியை விட்டு விலகுகிறான். இதுதான் விளையாட்டு. 2024இல் பிரிட்டனின் பாப்டா விருதை அறிமுகப் படைப்பு என்னும் பிரிவில் பெற்றது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இதற்குப் புதிய பெட்டி தேவையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

விடுமுறைக்குச் சித்தூர் வந்திருந்த பேரன் அதை ஆடினான். திரையில் இட்டிலித் தட்டுகளை அவன் அடுக்கியபோது, இத்தகைய கருவிகளை ஏறிட்டும் பாராத என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, "அப்படி வைத்தால் மேல் தட்டுக்கு ஆவி எப்படியடா போகும்?" என்றாள். பிறகு அவள் எழுந்து போகவில்லை. பேத்தியும் வந்து உட்கார்ந்தாள். முடிவில் பேரன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "பாட்டி, நீ இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாயா?" என்று தமிழில் கேட்டான். அவளிடம் ஏடு ஒன்றும் இல்லை.

வேண்டாம் என்று சொல்ல எடுத்த வாயை நான் மூடிக்கொண்டேன். தீர்ப்பு இவ்வாறு ஆயிற்று. முதலில் மாடிக் கசிவு. ஐப்பசி மழைக்கு முன் அது முடிந்தது. தைப் பொங்கலுக்குப் பிளேஸ்டேஷன் 5, தட்டுப் போடும் வகை, இரண்டு கைக்கருவிகளோடு. இடம் கூடம். பெட்டியோடு இலவசமாக வரும் ஆஸ்ட்ரோ விளையாட்டு ஒன்று போதுமென்று முதல் மாதம் கடந்தது. பிறகு வாங்கிய ஒரே தட்டு, 2021இல் வந்த இட் டேக்ஸ் டூ என்பது. இருவர் சேர்ந்தாலன்றி அதை ஆடவே இயலாது. இரண்டாவது கைக்கருவியை முதலில் எடுத்தவள் மருமகள் என்று கேள்வி. பேரன் சனிக்கிழமை இரவுகளில் இணையத்திலும் ஆடுகிறான். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை. பேத்திக்கு இன்னும் பெட்டி இல்லை. அவள் மாதம் ஒரு முறை திருப்பதி போகிறாள்.

பெட்டி வாங்கலாமா என்று என்னைக் கேட்கும் அன்பர்களிடம் நானும் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். யாரோடு ஆட என்பதற்கு வீட்டிலோ தெருவிலோ விடை இருந்தால், நிலுவைக் கடன் இல்லாதிருந்தால், தட்டுள்ள வகையை வாங்குங்கள். விடை இல்லையேல் இவ்வாண்டு வாங்காதீர்கள். இருக்கும் கணினியே போதும்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்க நூலக அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருக்கிறது. இரவல் பதிவேடும் இருக்கிறது. விளையாட்டுத் தட்டு வைத்திருப்பவர்கள் விருந்து முடிந்ததும் பெயரும் தட்டின் பெயரும் எழுதித் தந்தால், சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்து வரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். எனக்குப் பேருந்தில் முதியோர் சலுகை உண்டு.